அக்கி கண்ணுக்குள்ள எறங்குனா

மழைக்காலம் வந்துட்டா நம்ம ஊர்ல யாருக்குக் கண்ணு செவந்தாலும் அது மெட்ராஸ் ஐதான், அதுக்கு மேல யாரும் யோசிக்கறதே இல்ல. மெடிக்கல் ஷாப்ல போய் "கண்ணு செவப்பா இருக்குண்ணே"ன்னு சொன்னா போதும், அவரும் ஏதோ ஒரு சொட்டு மருந்த எடுத்துக் குடுத்துருவாரு, நாமளும் கருப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நாலஞ்சு நாள்ல போயிரும்னு இருப்போம். பெரும்பாலும் போயிரவும் செய்யும், அதான் சிக்கலே. ஏன்னா மெட்ராஸ் ஐங்கறது கண்ணோட மேல, வெள்ளை முழிய மூடியிருக்கற மெல்லிசான ஜவ்வுல வர்றது. நான் இங்க எழுதப்போறது கண்ணுக்கு உள்ள வர்ற அழற்சி, டாக்டருங்க யுவைட்டிஸ்னு சொல்றது. அதுக்கும் பல நேரம் வைரஸ்தான் காரணம், ஆனா வர்ற வைரஸ் வேற, வர்ற வழி வேற, வைத்தியமும் மொத்தமா வேற.

கண்ணுல கலர் தெரியுதே அந்த வளையம் (ஐரிஸ்), அதுக்குப் பின்னாடி கண்ணுக்குள்ள தண்ணி சுரக்கற பகுதி, அப்புறம் விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் நிறைஞ்ச ஒரு படலம், இந்த மூணும் சேந்ததுதான் யுவியா. இதுல எங்க அழற்சி வந்தாலும் யுவைட்டிஸ். காரணம் கேட்டா அது பெரிய பட்டியல், காசநோய் இருக்கு, மூட்டுவாதம் இருக்கு, எலிக்காய்ச்சல் இருக்கு, பல பேருக்கு என்னன்னே கண்டுபிடிக்க முடியாது. நான் வைரஸ் பக்கம் மட்டும் எழுதறேன், ஏன்னா எங்க வீட்டுக்கு வந்தது அதுதான்.

எங்க பெரியம்மா மானாமதுரை பக்கம். 60 தாண்டிருச்சு, சுகர் உண்டு. வலது பக்க நெத்தில எரிச்சலா இருக்கு, தலைமுடியத் தொட்டாக்கூட வலிக்குதுன்னு சொன்னாங்க, மறுநாளு பாத்தா கொப்புளம். நெத்தி, கண்ணுக்கு மேல இமை, தலைமுடிக்குள்ளன்னு கொத்துக் கொத்தா, அதுவும் வலது பக்கம் மட்டும், நெத்தி நடுவைத் தாண்டி ஒரு கொப்புளம் கெடையாது. பாத்த ஒடனே தெருவே சொல்லிருச்சு அக்கின்னு. மானாமதுரையில மண்பாண்டம் செய்யறவங்களுக்கா பஞ்சம், வேளார் வீட்டுத் தாத்தா ஒருத்தர் வந்து காவியக் கொழச்சு எழுதுனாரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அக்கிக்கு எழுதறதுன்னா கொப்புளத்த சுத்தி காவி மண்ணால சிங்கம் மாதிரி உருவம் வரைஞ்சு விடுவாங்க, தென் மாவட்டத்துல இன்னைக்கும் சர்வ சாதாரணம். பெரியம்மா "எழுதுனதும் குளுகுளுன்னு இருக்குப்பா"ன்னாங்க. எனக்கு அதுல சண்டை ஒண்ணும் இல்ல, எரியற தோலுக்கு ஈர மண்ணு எதமாத்தான் இருக்கும், முதுகுலயோ இடுப்புலயோ வந்த அக்கி நெறைய பேருக்குத் தானாவே காயவும் செய்யும். ஆனா நெத்தில வந்தா கதை வேற. இதுக்கு வைரஸ் மாத்திரை கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லதுன்னு கணக்கு, அந்த மூணு நாளு காவி காயறதுக்கே சரியாப் போச்சு.

அப்புறம் கண்ணு செவந்துச்சு. தண்ணியா ஊத்துது, வாசப்பக்கம் வெளிச்சத்தப் பாக்க முடியல, வீட்டுக்குள்ளயே முந்தானைய கண்ணுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. மறுபடியும் மெடிக்கல் ஷாப், மறுபடியும் சொட்டு மருந்து. நான் அந்த டப்பாவ பின்னாடி வாங்கிப் பாத்தேன், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு. இது எவ்வளவு ஈஸியா கைக்குக் கெடைக்குதுன்னு நெனச்சா இப்பவும் கடுப்பாகுது. ஸ்டீராய்டு போட்டதும் செவப்பு கொறையும், எரிச்சல் கொறையும், கேக்கறவங்க எல்லாருக்கும் "பரவால்ல இப்ப"ன்னு சொல்லுவாங்க, உள்ள வைரஸ் பாட்டுக்கு அது வேலையப் பாத்துட்டு இருக்கும். இதே சொட்டு கார்னியாவுல (கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கற கருவிழிப் படலம்) ஹெர்பிஸ் (அக்கி வைரஸும் இந்தக் குடும்பம்தான்) புண்ணு இருக்கறவங்களுக்குப் போட்டா புண்ணு பரந்து பார்வையே போற அளவுக்குக் கொண்டு விட்டுரும். பெரியம்மாவுக்கு ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துட்டு அப்புறம் "புகை மூட்டமாத் தெரியுது அப்பு, கண்ணுக்குள்ள ஒரே குத்தலு"ன்னு போன் பண்ணாங்க. அன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.

அங்க டாக்டரம்மா மொதல்ல கண்ணப் பாக்கவே இல்ல, மூக்கப் பாத்தாங்க. "மூக்கு நுனில கொப்புளம் வந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. வந்திருந்துச்சு, காஞ்சு பொருக்கா ஒட்டியிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, கண்ணுக்கு வந்தா மூக்க எதுக்குப் பாக்கறாங்கன்னு. விஷயம் என்னன்னா, மூக்கு நுனிக்குப் போற நரம்பும் கண்ணுக்கு உள்ள போற நரம்பும் ஒரே கிளை. அதனால நுனில கொப்புளம் தெரிஞ்சா கண்ணுக்குள்ளயும் எறங்கியிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இத 19ஆம் நூற்றாண்டுலயே லண்டன்ல ஜோனதன் ஹட்சின்சன்னு ஒரு டாக்டர் கவனிச்சு எழுதி வெச்சிருக்காரு, இன்னைக்கும் அவர் பேர்லதான் ஹட்சின்சன் அறிகுறின்னு சொல்றாங்க. ஸ்கேன் கெடையாது, டெஸ்ட் கெடையாது, சும்மா மூக்கப் பாத்தா போதும். அதுக்காக மூக்குல இல்லன்னா கண்ணு தப்பிச்சிருச்சுன்னும் அர்த்தம் இல்ல, நெத்தில அக்கி வந்தவங்க எல்லாருமே கண்ணு டாக்டரப் பாத்துரணும்னு சொன்னாங்க.

அடுத்து பஞ்ச எடுத்து ஒரு இழைய மட்டும் முறுக்கி, பக்கவாட்டுல இருந்து கொண்டு வந்து இடது கண்ணோட கருவிழிய லேசாத் தொட்டாங்க. பெரியம்மா படக்குன்னு கண்ண மூடி தலைய பின்னாடி இழுத்துக்கிட்டாங்க. வலது கண்ணுலயும் அதே மாதிரி தொட்டாங்க, கண்ணு சும்மா பாத்துக்கிட்டே இருக்கு. இமைக்கக்கூட இல்ல. அத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், வயித்துல ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த நரம்பு மரத்துப் போயிருச்சுன்னு அர்த்தம், ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்னா இப்படி உணர்ச்சி கொறையும், அதுவே ஒரு தடயம். மரத்துப்போன கருவிழில தூசி விழுந்தாலும் தெரியாது, புண்ணு வந்தாலும் தெரியாது, அது தனிக்கவலை.

அதுக்கப்புறம் தாடைய வெச்சு நெத்திய பட்டையில அழுத்திக்கிட்டு உக்கார வெப்பாங்களே அந்த மிஷின். லைட்ட மெல்லிசான கோடா ஆக்கி கண்ணுக்குள்ள அடிக்கறாங்க. நல்ல கண்ணுல முன்பக்க அறையில இருக்கற தண்ணி பளிங்கா இருக்கும், வெளிச்சம் போற தடமே தெரியாது. அழற்சி இருந்தா வெள்ளை அணுக்களும் புரதமும் அந்தத் தண்ணில கசிஞ்சிருக்கும், ஓட்டு இடுக்கு வழியா வீட்டுக்குள்ள விழற வெயில்ல தூசி மெதக்குமே அப்படித் தெரியும். அந்த அணுக்கள எண்ணித்தான் எவ்வளவு அழற்சின்னு கிரேடு போடறாங்க. கார்னியாவோட உள்பக்கத்துல அதே அணுக்கள் கும்பலா ஒட்டி வெள்ளைப் புள்ளியா நிக்கும். இது போக ஐரிஸ்ல ஒரு துண்டு மட்டும் வெளிறி மெலிஞ்சு போய், பாப்பா (ஐரிஸ் நடுவுல இருக்கற கருப்பு ஓட்டை) வட்டமா இல்லாம கோணலாயிருந்தாலும் ஹெர்பிஸ்னு சந்தேகப்படுவாங்களாம்.

கண்ணு பிரஷர் பாத்தாங்க, வலதுல 34. சாதாரணமா 10ல இருந்து 21க்குள்ள இருக்கணும். இது எனக்குப் புது விஷயம், ஏன்னா பல யுவைட்டிஸ்ல கண்ணுக்குள்ள தண்ணி சுரக்கறதே கொறஞ்சு பிரஷர் எறங்கித்தான் போகுமாம். வைரஸ்னா தண்ணி வடியற சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கு, அதுலயும் அழற்சி வந்து வடிகால் அடைச்சுக்கும், பிரஷர் ஏறிரும். ஒத்தக் கண்ணு, அழற்சி, கூடவே பிரஷரும் அதிகம்னா டாக்டருங்க மனசுல மொதல்ல வர்றது ஹெர்பிஸ் வகையறாதான்.

சரி, இந்த வைரஸ் எங்க இருந்து வந்துச்சு? இதக் கேட்டதும் பெரியம்மா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு பக்கத்து வீட்டுக் கொழந்தையில ஆரம்பிச்சு கல்யாண வீட்டுத் துண்டு வரைக்கும் ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டாங்க. யார்கிட்ட இருந்தும் வரல. அவங்களுக்கு சின்னப் புள்ளையில சின்னம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டி, வெங்காயம் தாளிக்காம, மூணு தண்ணி ஊத்தி, ஆத்தா எறங்கிட்டான்னு கோயிலுக்கு மாவிளக்கும் போட்டாச்சு. ஆனா அம்மை போட்ட வைரஸ் ஒடம்ப விட்டுப் போறதே இல்ல. நரம்போட வேர் முடிச்சுல, முகத்து நரம்புன்னா காதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள ஒரு முடிச்சு இருக்கு, அங்க போய் சத்தம் போடாம இருந்துக்கும். 50 வருஷம் இருக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி கொறையறப்ப, இல்ல கேன்சர் மருந்து, ஸ்டீராய்டு மாத்திரைன்னு எதாவது எடுக்கறப்ப எழுந்து அதே நரம்பு வழியா அக்கியா எறங்கி வரும். அதனாலதான் ஒரு பக்கம் மட்டும், நெத்தி நடுவைத் தாண்டாது.

உதட்டு ஓரத்துல காய்ச்சல் சமயத்துல கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸும் இதே முடிச்சுலதான் இருக்கும், அதுவும் இதே மாதிரி கண்ணுக்குள்ள வரும், ஆனா அதுக்கு நெத்தில கொப்புளம் எல்லாம் வரணும்னு அவசியம் இல்ல, கண்ணுல மட்டும் வந்து நிக்கும். வந்தா திரும்பத் திரும்ப வர்ற கேரக்டர் அதுக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே ஒரு கண்ணு மட்டும் "மெட்ராஸ் ஐ" வருதுன்னு யாராவது சொன்னா எனக்கு இப்பல்லாம் சந்தேகம் வந்துருது. அமெரிக்காவுல பெரிய ஆய்வு ஒண்ணு நடத்தி 1998ல வெளியிட்டாங்க, கண்ணுல ஹெர்பிஸ் வந்தவங்களுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தெனம் ரெண்டு வேளை ஒரு வருஷம் குடுத்தா திரும்ப வர்றது கிட்டத்தட்ட பாதியாக் கொறையுது. மருந்த நிறுத்துனா அந்தப் பாதுகாப்பு நீடிக்கறது இல்ல.

பெரியம்மாவுக்கு வேலாசைக்ளோவிர் 1 கிராம் மூணு வேளை. 72 மணி நேரம் தாண்டியிருந்தாலும் கண்ணுல எறங்கிட்டதால குடுத்துத்தான் ஆகணும்னாங்க. அதுக்கு முன்னாடி கிரியேட்டினின் பாத்தாங்க, சுகர்காரங்க இல்லையா, கிட்னி எப்படி இருக்குன்னு தெரியாம இந்த மாத்திரைய முழு டோஸ் குடுக்க மாட்டாங்க, நெறைய தண்ணி குடிக்கவும் சொல்லுவாங்க. கூடவே சொட்டு மருந்து மூணு. ஒண்ணு பாப்பாவ விரிச்சு வெக்கறது, ஏன்னா அழற்சியில ஐரிஸ் பின்னாடி இருக்கற லென்ஸோட ஒட்டிக்கும், ஒட்டிட்டா பிரிக்கறது கஷ்டம், குத்தலும் இந்த சொட்டுலதான் கொறையுது. இன்னொண்ணு பிரஷர் கொறைக்க டிமோலால், அத எழுதறதுக்கு முன்னாடி வீசிங் இருக்கா, ஆஸ்துமா இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. கண்ணுல விடற சொட்டு நெஞ்சு வரைக்கும் போகும்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்?

மூணாவது ஸ்டீராய்டு. ஆமா, அதே ஸ்டீராய்டுதான். நான் சும்மா இருக்காம "இதத்தான் மேடம் மெடிக்கல்லயும் குடுத்தாங்க"ன்னேன். அவங்க கோவப்படாம சொன்னாங்க, கண்ணக் கெடுக்கறது வைரஸ் மட்டும் இல்ல, அத எதுத்து நம்ம ஒடம்பு காட்டற வேகமும் சேந்துதான் கெடுக்குது, அந்த வேகத்தக் கொறைக்க ஸ்டீராய்டு வேணும், ஆனா வைரஸ் மாத்திரை உள்ள போய்க்கிட்டு இருக்கறப்பதான் வேணும், அதுவும் கார்னியாவுல புண்ணு இல்லன்னு மஞ்சச் சாயம் விட்டுப் பாத்துட்டுத்தான். போட ஆரம்பிச்சா சட்டுன்னு நிறுத்தவும் கூடாது, படிப்படியாத்தான் கொறைக்கணும், இல்லன்னா அழற்சி முன்ன விட ஜோரா திரும்பி வரும். ரொம்ப நாள் இஷ்டத்துக்குப் போட்டா அதுவே பிரஷரையும் ஏத்தும், புரையையும் கொண்டு வரும். ப்ரெட்னிசோலோன் சொட்டு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, பால் மாதிரி வெள்ளையா இருக்கும், மருந்து அடியில தங்கிரும், ஒவ்வொரு தடவையும் நல்லாக் குலுக்கித்தான் விடணும். எங்க வீட்ல மொத வாரம் யாரும் குலுக்கல, சிஸ்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

ரத்தப் பரிசோதனை பத்தி ஒரு வார்த்தை. இந்த மாதிரி கேஸ்ல சிலர் தானாவே லேபுக்குப் போய் ஹெர்பிஸ் ஐஜிஜி, சிஎம்வி ஐஜிஜின்னு (ஐஜிஜின்னா வைரஸ எதுத்து ஒடம்பு செஞ்சு வெச்ச ஆன்டிபாடி, சிஎம்வி ஹெர்பிஸ் குடும்பத்துலயே இன்னொரு வைரஸ்) ஒரு பேக்கேஜ் எடுத்துட்டு பாசிட்டிவ்னு பயந்து போறாங்க. நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு எடுத்தா பாதிப் பேருக்கு மேல பாசிட்டிவாத்தான் வரும், எப்பவோ வந்து போனதுக்கு அது சாட்சி, அவ்வளவுதான். இப்ப கண்ணுக்குள்ள இருக்கறது எதுன்னு நிஜமாத் தெரியணும்னா கண்ணோட முன் அறையில இருந்து மெல்லிசான ஊசியால துளியூண்டு தண்ணி எடுத்து பிசிஆர் (வைரஸோட மரபணுவத் தேடற டெஸ்ட்) பண்ணணும். எல்லாருக்கும் பண்றது இல்ல, மருந்துக்கு மசியாதவங்க, கண்ணப் பாத்தா குழப்பமா இருக்கறவங்களுக்குத்தான். பெரியம்மாவுக்கு தேவைப்படல, நெத்தியே எழுதிக் காட்டிருச்சு.

வைரஸ் பட்டியல் இதோட நிக்கல. 2006ல சிக்குன்குனியா வந்தப்ப நம்ம ஊர்ல வீட்டுக்கு ரெண்டு பேர் சுவத்தப் புடிச்சு நடந்தது ஞாபகம் இருக்கும். அந்த சமயம் காய்ச்சலோடவும் காய்ச்சல் போய் சில வாரம் கழிச்சும் கண்ணு செவந்து, பார்வை மங்கி வந்தவங்கள அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டருங்க கவனிச்சு 2007ல ஆய்வுக் கட்டுரையா எழுதுனாங்க. சில பேருக்கு முன்பக்கம் அழற்சி, சில பேருக்கு விழித்திரை வரைக்கும். மூட்டு வலியப் பத்தி பேசுன அளவுக்கு இதப் பத்தி நாம யாரும் பேசல.

இன்னொண்ணு ருபெல்லா, ஜெர்மன் அம்மைன்னு சொல்றது. ஒத்தக் கண்ணுல வலியே இல்லாம, செவப்பும் இல்லாம லேசான அழற்சி வருஷக்கணக்கா இருந்து, அந்தக் கண்ணோட கலரே வெளிறி, சின்ன வயசுலயே புரை விழற ஒரு வியாதிய வியன்னாவுல எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1906ல எழுதுனாரு. ரொம்ப காலம் காரணம் தெரியாமலே இருந்துச்சு. 2000த்துக்கு அப்புறம்தான் அந்தக் கண்ணுத் தண்ணில ருபெல்லாவுக்கான ஆன்டிபாடி இருக்கறதக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல ருபெல்லா தடுப்பூசி வந்ததுக்கு அப்புறம் பொறந்தவங்ககிட்ட இந்த வியாதி கொறஞ்சிருக்கறதாவும் பாத்திருக்காங்க. இதுக்கு ஸ்டீராய்டு சொட்டு விட்டும் பெருசா பலன் இல்ல, வீணா விட்டுக்கிட்டே இருக்கக் கூடாது. 2017 பிப்ரவரில தமிழ்நாட்டுல மீசில்ஸ் ருபெல்லா ஊசி ஸ்கூல்ல போட்டப்ப வாட்ஸ்அப்ல என்னென்ன புரளி ஓடுச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. அந்த ஊசிக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஆனா நான் படிச்சதுலயே தூக்கம் வராம பண்ணது எபோலா கதைதான். இயன் கிரோசியர்னு ஒரு அமெரிக்க டாக்டர், 2014ல சியரா லியோன்ல எபோலா நோயாளிகளப் பாத்தப்ப அவருக்கே தொத்திக்கிச்சு. அட்லாண்டாவுல எமரி ஆஸ்பத்திரில சாவ தொட்டுட்டு பொழச்சு வந்தாரு, ரத்தத்துல வைரஸ் இல்லன்னு வீட்டுக்கு அனுப்புனாங்க. கொஞ்ச நாள்ல இடது கண்ணுல கடுமையான யுவைட்டிஸ். ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாத்தா கண்ணுக்குள்ள எபோலா உயிரோட இருக்கு. நீலமா இருந்த கண்ணு பச்சையா மாறிருச்சு. அப்புறம் சிகிச்சையில பார்வையும் திரும்பி வந்துச்சு, கலரும் திரும்பிருச்சு. ஒடம்பு பூரா தொரத்தப்பட்ட வைரஸ் கண்ணுல மட்டும் எப்படி இருந்துச்சுன்னா, கண்ணுக்கு நம்ம எதிர்ப்பு சக்தி ஒரு சலுகை குடுத்து வெச்சிருக்கு. உள்ள முழு வேகத்துல சண்டை போட்டா பார்வையே போயிரும், அதனால அங்க அடக்கி வாசிக்கும். பீட்டர் மெடாவர்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1948ல எழுதுனது இது. அந்த சலுகையத்தான் வைரஸும் பயன்படுத்திக்குது.

அவசரமா ஓட வேண்டியது எதுன்னா விழித்திரைய அரிக்கற வகை. 1971ல ஜப்பான்ல மொதல்ல எழுதுனாங்க, அக்யூட் ரெட்டினல் நெக்ரோசிஸ்னு பேரு, அதே அம்மை வைரஸும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸும்தான் காரணம். நல்லா இருக்கறவங்களுக்கே வரும். கண்ணு முன்னாடி புதுசா பூச்சி பறக்கற மாதிரி, ஓரப்பார்வை மறையற மாதிரி இருந்தா மறுநாளுக்குத் தள்ளாதீங்க, நாள் கணக்குல ரெட்டினா கருகிரும், பின்னாடி கிழிஞ்சு பிரியவும் செய்யும், இன்னொரு கண்ணுக்கும் போகும். நரம்புல அசைக்ளோவிர் ஏத்தறது, கண்ணுக்குள்ளயே ஊசி போடறதுன்னு அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்.

பெரியம்மா கேட்ட இன்னொரு கேள்வி, பேரன தூக்கலாமான்னு. கண்ணுக்குள்ள இருக்கற அழற்சி யாருக்கும் ஒட்டாது, மெட்ராஸ் ஐ மாதிரி துண்டு தனி, தலகாணி தனின்னு ஒதுக்க வேண்டாம். ஆனா தோல்ல கொப்புளம் தண்ணியோட இருக்கற வரைக்கும் அம்மை வராத, ஊசி போடாத கொழந்தைக்கு அதுல இருந்து அம்மை தொத்தலாம், பொருக்கு தட்டிட்டா பயம் இல்ல. இதச் சொன்னதும் அவங்க மொகத்துல வந்த நிம்மதி பிரஷர் 18க்கு எறங்கிருச்சுன்னு சொன்னப்பக்கூட வரல.

அக்கிக்கு இப்ப ஷிங்ரிக்ஸ்னு தடுப்பூசி 2023ல இருந்து இந்தியாவுல கெடைக்குது, 50 வயசுக்கு மேல ரெண்டு டோஸ். விலையக் கேட்டு அப்பா "எனக்கெல்லாம் அக்கி வராது"ன்னுட்டாரு, சுகர் மாத்திரைய வாய்ல போட்டுக்கிட்டே. அம்மா ஆயிரம் கேள்வி கேட்டுட்டு சரின்னுட்டாங்க, மொத டோஸ் அடுத்த மாசம். பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு ஒரு சொட்டுக்கு வந்திருக்கு, நெத்தில சுளுக்குன்னு இழுக்கற வலி மட்டும் இன்னும் போகல, அதுக்குத் தனி மாத்திரை ஓடுது.